பி0325: முழு வரியையும் வாசியுங்கோ

இந்தக் கிழமை பொட்காஸ்டில் லொக் ஃபைல் வாசிக்கிறது பற்றிக் கதைச்சோம். அதில் சொல்ல நேரம் கிடைக்காத கதை ஒன்று இருக்கு. அது சேர்வர் கதை இல்லை, அப்பாவின் 2001 வி6 காரின் கதை.

கார் மேட்டில் ஏற மூச்சு வாங்கியது. பெற்றோலும் கூடக் குடித்தது. எஞ்சின் லைட் எரிந்தது. ஸ்கானரைச் செருகினேன்: பி0325, நொக் சென்சர். கராஜில் கேட்ட காசு காரின் விலைக்குக் கிட்ட வந்தது. "இன்னும் ரெண்டு வருஷம் ஓடும் தம்பி, எறியாதை" என்றார் அப்பா. சென்சரை வாங்கி ஒரு சனி, ஞாயிறு முழுக்க நின்று நானே மாற்றினேன். திங்கள் காலை லைட் திரும்ப வந்துவிட்டது.

நொக் என்றால் என்ன?

பிளக் பொறி தட்டியதும் நெருப்பு சிலிண்டருக்குள் சீராகப் பரவ வேண்டும். சில வேளை நெருப்பு போய்ச் சேர முதலே, மூலையில் மிஞ்சிய கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாக வெடிக்கும். அந்த அதிர்வுதான் நொக். கடுமையாகத் தொடர்ந்தால் பிஸ்டன் உடையும், உருகவும் கூடும்.

நொக் சென்சர் எஞ்சின் புளொக்கோடு இறுக்கிப் பூட்டிய ஒரு காது. உள்ளே இருப்பது பீசோ படிகம்; அதிர்ந்தால் சின்ன வோல்ட்டேஜ் தரும். கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடித்த அதே விளைவுதான். சாதாரணக் கார் சிலிண்டரில் நொக் ஏறத்தாழ 6, 7 கிலோஹேர்ட்ஸில் ஒலிக்கும். எஞ்சின் கொம்பியூட்டர் ஒவ்வொரு பொறிக்குப் பிறகும் சிறு நேரம் மட்டும் அதைக் கேட்கும். நொக் கேட்டால் பொறியை உடனே சில பாகை பிந்தவைக்கும். பிறகு மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டுவரும். பாக்கெட் தொலைந்தால் டிசிபி சட்டென்று வேகத்தைக் குறைத்து, பிறகு மெதுவாகக் கூட்டுமே, அதே யோசனை.

காது கேட்கவில்லை என்றால் கொம்பியூட்டர் ரிஸ்க் எடுக்காது. எப்போதும் பிந்தியே பொறி தட்டும். சக்தி குறையும், பெற்றோல் கூடும். அப்பாவின் கார் இளைத்தது இதனால்தான்.

நான் விட்ட பிழை

பி0325இன் முழு அர்த்தம் "நொக் சென்சர் 1 சர்க்கிட்". நான் "சென்சர்" வரை வாசித்து, "சர்க்கிட்" என்ற சொல்லை விட்டுவிட்டேன். சர்க்கிட் என்றால் சென்சர், கனெக்டர், வயர், கொம்பியூட்டர் எல்லாம்தான். எரர் எங்கே தெரிந்தது என்று கோட் சொல்லும். எங்கே உடைந்தது என்று நாங்கள்தான் தேட வேண்டும்.

சரியான ஒழுங்கு

1. முதலில் வயர். பல வி6 எஞ்சின்களில் சென்சர் இன்டேக் மனிஃபோல்டுக்குக் கீழே, சூட்டுக்குள் இருக்கும். வருஷக்கணக்கில் வயரின் உறை காய்ந்து நொறுங்கும். பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, கொம்பியூட்டர் பிளக்கை இழுத்து, சிக்னல் வயருக்கும் பொடிக்கும் இடையில் மல்டிமீற்றர் வையுங்கோ. எங்கள் காரில் 1 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். சில கிலோ ஓம்தான் காட்டியது. வயர் உலோகத்தில் தொட்டுக்கொண்டு இருந்திருக்கு! மனிஃபோல்டைத் தொடாமலே செய்யக்கூடிய சோதனை, நான் கடைசியாகச் செய்தேன். உங்கள் காருக்கான அளவை அதன் மனுவலில் பாருங்கோ.

2. கழற்ற வேண்டும் என்றால், எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பெற்றோல் லைன் அழுத்தத்தை இறக்க வேண்டும். ஒவ்வொரு ஹோஸையும் படம் எடுங்கோ. திறந்த துளைகளைத் துணியால் மூடுங்கோ. எத்தனை துணி என்று எண்ணி வைத்து, அத்தனையையும் திரும்ப எடுங்கோ. ஒரு நட்டு உள்ளே விழுந்தால் எஞ்சினே போய்விடும்.

3. சென்சர் இருக்கும் இடத்தைத் துப்பரவாக்குங்கோ. உலோகம் உலோகத்தில் நேராக இருக்க வேண்டும். வாஷரும் வேண்டாம், பசையும் வேண்டாம். டோர்க் ரெஞ்ச் கட்டாயம். நடுவில் போல்ட் போகும் வட்ட வகைக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீற்றர். திருகிப் பூட்டும் வகைக்கு வேறு அளவு. இறுக்கம் மாறினால் கேட்கும் சத்தமும் மாறும்.

4. மனிஃபோல்ட் கழற்றியாச்சு என்றால் புது காஸ்கெட் போடுங்கோ. இரண்டு சென்சரையும், அந்தச் சின்ன வயரையும் ஒரேயடியாக மாற்றுங்கோ.

ஒன்று மட்டும் செய்யாதேங்கோ

சென்சருக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரைப் போட்டு லைட்டை அணைக்கிற வித்தை இருக்கு. எரரைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விழுங்குகிற கோட் மாதிரித்தான் அது. காது சரி என்று கொம்பியூட்டர் நம்பும். பொறி முன்னுக்குப் போகும். உண்மையான நொக் வந்தால் ஒருவருக்கும் கேட்காது. அதுக்கு லைட் எரிகிறதே நல்லது.

இரண்டாவது சனிக்கிழமை வயரை மாற்றினேன். கார் இப்ப மேடு ஏறுது. நான் கழற்றிய பழைய சென்சரைச் சோதித்தேன்: அதில் ஒரு பிழையும் இல்லை. கராஜ் மேசையில் வைத்திருக்கிறேன். அப்பா போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

உங்கட வீட்டுப் பழைய காரிலும் லைட் எரிந்தால் கோடை முழுசாக எழுதி அனுப்புங்கோ. அடுத்த எபிசோடில் சேர்ந்து பார்ப்போம்.