பெயரளவு அறங்காவலர் என்று ஒருவர் இல்லை

ஊதியம் பெறாமல் வகிக்கும் கௌரவப் பதவிக்குச் சட்டப் பொறுப்பு பெரிதாக இராது என்பதே அறங்காவலர் பதவியைப் பற்றி நிலவும் நம்பிக்கைகளுள் மிகப் பரவலானது. மிகுந்த கேடு விளைவிப்பதும் அதுவே. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம், ஆவணத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரை அறங்காவலருக்கு ஊதியம் கேட்கும் உரிமையே கிடையாது என்று 50ஆம் பிரிவில் கூறிவிட்டு, ஊதியமற்ற அந்த மனிதரிடமே சொத்தையும் அதன் முழுப் பொறுப்பையும் ஒப்படைக்கிறது. இச்சட்டம் நேரடியாக ஆள்வது தனியார் அறக்கட்டளைகளை, அதாவது குறிப்பிட்ட சிலரின் நன்மைக்காக ஏற்படுத்தப்பட்டவற்றை மட்டுமே. பொது அறநிலையங்களும் சமய நிலையங்களும் அதன் முதற்பிரிவிலேயே விலக்கப்பட்டுள்ளன. ஆயினும் அதில் தொகுக்கப்பட்டிருப்பவை பொதுவான நீதிநெறிகள் என்பதால், நீதிமன்றங்கள் அவற்றைப் பொது அறக்கட்டளைகளுக்கும் அளவுகோலாகக் கொண்டுவருகின்றன.

இழப்பு ஏற்பட்டாலே அறங்காவலர் தம் வீட்டை விற்றாவது ஈடுகட்ட வேண்டும் என்ற எதிர்மாறான அச்சமும் உண்டு. நேர்மையானவர்கள் பலரை இப்பதவியிலிருந்து விலக்கிவைக்கும் அந்த அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனத்தோடு கையாள்வாரோ அவ்வளவு கவனமே 15ஆம் பிரிவு கோருவது. அவ்வாறு நடந்தவர் சொத்தின் அழிவுக்கோ தேய்வுக்கோ பொறுப்பாகமாட்டார். கல்கத்தாவில் வாழும் அறங்காவலர் ஒருவர், ஐயத்துக்கிடமில்லாத நாணயமுள்ள வணிகரின் மாற்றுச் சீட்டு மூலம் பம்பாயிலுள்ள பயனாளிக்குப் பணம் அனுப்ப, அச்சீட்டு அங்கே செல்லாமற்போனாலும் அவர் அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டியதில்லை என்று சட்டமே எடுத்துக்காட்டும் தருகிறது. தவறிப்போவதைச் சட்டம் பொறுக்கிறது. பாராமல் இருப்பதைப் பொறுப்பதில்லை.

இந்த வேறுபாடு முழுமையாக வெளிப்படுவது, கணக்கு வழக்கை ஒருவர் கவனிக்க மற்றவர்கள் காசோலையில் கையெழுத்து மட்டும் இடும் அறக்கட்டளைகளில்தான். செயலற்றிருந்தவர் குற்றமற்றவர் என்ற நம்பிக்கைக்கு 26ஆம் பிரிவின் தொடக்கம் சற்று இடம்தருவதுபோலத் தோன்றும்; ஏனெனில் உடன் அறங்காவலரின் குற்றத்துக்கு மற்றவர் பொறுப்பல்லர் என்பதே அதன் பொது விதி. ஆனால் அவ்விதியைத் தொடரும் விலக்குகளே விதியைவிடப் பெரியவை: சொத்தை உடன் அறங்காவலரிடம் கொடுத்துவிட்டு அது உரிய வகையில் செலவாயிற்றா என்று பாராதிருந்தவரும், பணம் அவரிடம் தேவைக்கு மேல் தங்கியிருந்தபோது விசாரியாதிருந்தவரும், அவர் செய்த அல்லது செய்யவிருந்த முறைகேட்டை அறிந்தபின் மறைத்தவரும், நியாயமான காலத்துக்குள் தடுப்பு நடவடிக்கை எடுக்காதவரும் பொறுப்பிலிருந்து தப்புவதில்லை. ஒருவரின் அசட்டையால் மற்றவருக்கு முறைகேட்டுக்கு வழிபிறந்திருந்தால், 27ஆம் பிரிவின்படி ஒவ்வொருவரும் தம் பங்குக்கு மட்டுமன்றி முழு இழப்புக்கும் பயனாளியிடம் பொறுப்பாகிறார். குற்றத்தில் குறைந்தவர் செலுத்திய தொகையைக் கூடியவரிடமிருந்து பெறும் வழி அறங்காவலர்களுக்கிடையே உண்டெனினும், கூடியவர் இறந்திருப்பின் அவருடைய சட்டப்படியான வாரிசு பெற்ற சொத்தின் அளவுக்கே வாரிசிடம் அதைக் கோரலாம். இங்கிலாந்து நீதிமன்றம் 1886இல் இன்னும் கடுமையாக நின்றது. சகோதரிகள் மூவரிடம் ஒப்படைக்கப்பட்ட 2,000 பவுண்டை அவர்களுள் ஒருவரே நிர்வகித்து, அனுமதிக்கப்படாத அடமானத்தில் முதலீடு செய்து இழந்த பாஹின் எதிர் ஹியூஸ் வழக்கில், எதுவும் செய்யாதிருந்தவர்கள் செயல்பட்டவரிடமிருந்து ஈடுபெற உரிமையற்றவர்கள் என்று தீர்ப்பாயிற்று. செயல்படாமையும் கடமைத் தவறுதான் என்பதே அதன் அடிப்படை.

ஒரு முதலீட்டில் வந்த நட்டத்தை மற்றொன்றில் வந்த இலாபத்தோடு கழித்துக்கொள்ளலாம் என்ற வணிகக் கணக்கும் இங்கே செல்லாது; முறைகேட்டால் வந்த நட்டம் அறங்காவலருடையது, இலாபமோ அறக்கட்டளையுடையது. அறக்கட்டளைப் பணத்தைத் தம் தொழிலில் இட்டவரிடம், அரையாண்டுக்கு ஒருமுறை சேரும் கூட்டு வட்டியையோ ஈட்டிய நிகர இலாபத்தையோ பயனாளி தம் விருப்பப்படி கோரலாம். இவையெல்லாம் உரிமையியல் பொறுப்புகள். நேர்மையற்ற எண்ணத்தோடு சொத்தைத் தமதாக்கிக்கொள்வது நம்பிக்கை மோசடி என்னும் குற்றமாகி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறைக்குரியதாகிறது. வெறும் கவனக்குறைவு அவ்வளவு தூரம் செல்வதில்லை.

விலகல் கடிதம் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணுவோரும் பலர். பொறுப்பை ஏற்குமுன் மறுப்பது எளிது, அதற்குக் காரணம்கூடக் கூற வேண்டியதில்லை. ஏற்றபின்னரோ முதன்மை உரிமையியல் நீதிமன்றத்தின் அனுமதி, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள பயனாளியின் இசைவு, ஆவணம் தரும் தனி அதிகாரம் ஆகியவற்றுள் ஒன்றின்றித் துறக்க இயலாது என்கிறது 46ஆம் பிரிவு. ஆகவே ஆவணத்தில் விலகும் விதி உண்டா என்று படித்துப் பார்க்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முந்தைய நேரமே.

காலம் கடந்தால் வழக்கு செல்லாது என்ற நம்பிக்கைக்குத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்து மடம் ஒன்றின் சொத்து பற்றிய வித்யா வருதி தீர்த்தர் எதிர் பாலுசாமி ஐயர் வழக்கில், மடாதிபதி, தர்மகர்த்தா போன்றோர் சொத்து தம்மிடம் உடைமையாக வந்துசேர்ந்த ஆங்கிலப் பொருளிலான அறங்காவலர்கள் அல்லர், சீர்கேடான நிர்வாகத்துக்கு மட்டும் அறங்காவலரைப் போலப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1921இல் தீர்ப்பளித்தது. அதனால் கால வரம்பற்ற வழக்கு என்னும் பாதுகாப்பு கோயில், மடச் சொத்துகளுக்குக் கிடைக்காமற்போகவே, 1929இல் கால வரம்புச் சட்டம் திருத்தப்பட்டு, இந்து, இசுலாமிய, பௌத்த அறநிலையச் சொத்தின் மேலாளர் இந்நோக்கத்துக்கு அறங்காவலராகவே கருதப்படலானார். இன்றைய 1963ஆம் ஆண்டின் கால வரம்புச் சட்டமும் 10ஆம் பிரிவில் அதையே தொடர்கிறது: குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஒப்படைக்கப்பட்ட சொத்தை மீட்கவோ அதற்குக் கணக்குக் கேட்கவோ தொடுக்கும் வழக்கு எத்தனை ஆண்டு சென்றாலும் தள்ளுபடியாவதில்லை, அறங்காவலர் இறந்தபின் அவருடைய சட்டப்படியான வாரிசுகள்மீதும் அது தொடுக்கத்தக்கது.