வாலும் ஓடும்: சாம்பல்தீவின் இளம் சமையற் கலைஞருக்கு ஒரு கடிதம்



திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியில், களப்புக்கும் கடலுக்கும் அருகே வளர்ந்து, உறவினர் கூடும் விருந்தொன்றுக்குச் சிங்கி இறாலின் வாலைச் சமைக்கும் பொறுப்பை முதன்முதலாக ஏற்கும் கலைஞர், அடுப்பை மூட்டுவதற்கு முன்னரே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: ஓடும் தசையும் ஒரே சட்டியில் ஒரே அளவு நேரம் வேகக் கூடாது. நண்டுக் கறியும் மீன் குழம்பும் வைத்துப் பழகிய கைகள் சிங்கி இறாலையும் அதே வழக்கப்படி துண்டுகளாக வெட்டி, தூளும் புளியும் பாலும் சேர்த்துக் குழம்பு தடிக்கும் வரை கொதிக்க விடுகின்றன. குழம்பு மணக்கிறது, தசையோ இறுகி நாராகிப் போகிறது. ஓட்டிலும் தலையிலும் அடங்கிய சுவை வெளிவர அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும், வாலின் தசைக்குச் சில நிமிடங்களே போதும் என்பதால், இவ்விரண்டையும் பிரித்துச் சமைத்து இறுதியில் சேர்ப்பதே இக்கடிதம் வற்புறுத்தும் முறையாகும்.

இலங்கைக் கடலில் கிடைக்கும் சிங்கி இறால்கள் பனுலிரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. முட்கள் நிறைந்த நீண்ட உணர்கொம்புகள் இவற்றுக்கு உண்டு, ஆனால் அத்திலாந்திக் கடலின் குளிர்நீர் இனங்களுக்கு இருப்பது போன்ற பெரிய கொடுக்குகள் இல்லை. கொடுக்கில் தசை இல்லாத காரணத்தால் உண்ணத்தக்க தசை ஏறத்தாழ முழுவதும் வாலிலேயே திரண்டிருக்கிறது. அவ்வாறிருந்தும் முழு உடலின் நிறையில் வால் மூன்றிலொரு பங்கு அளவே வரும் என்பதை விருந்துக்குக் கணக்குப் போடும்போது மறக்கலாகாது. பகலில் பாறை இடுக்கிலும் பவளப் பொந்திலும் ஒடுங்கியிருந்து இரவில் இரை தேடும் இவ்வுயிரி, நீரிலிருந்து எடுத்த பின்னரும் ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் பல மணி நேரம் உயிருடன் இருக்கக்கூடியது. ஏற்றுமதி வாணிகம் இப்பண்பை நம்பியே நடைபெறுகிறது. உயிருள்ள இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை கொடுக்கும் விலையால், அதைப் பிடித்தவரின் வீட்டு அடுப்பிலேயே அது அரிதாக ஏறும் நிலை உருவாகியிருக்கிறது. ஆகவே கடற்றொழிலாளர் குடும்பம் ஒன்று விற்காமல் தன் விருந்தினருக்கென எடுத்து வைக்கும் சிங்கி இறாலை, அக்குடும்பத்தின் ஒரு நாள் வருமானமாகவே கருதிக் கலைஞர் கையேற்க வேண்டும்.

எந்த மாதத்தில் விருந்து என்பது அடுத்த கேள்வி. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் மற்றும் நீரியல் வளச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி, பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் ஆகிய மூன்று மாதங்களில் இலங்கையில் சிங்கி இறால் பிடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. முட்டை சுமந்த பெண் இறாலும், தோலுரித்து ஓடு இன்னும் இறுகாத இறாலும், குறித்த அளவுக்குச் சிறியவையும் ஆண்டு முழுவதும் தடைக்குள் அடங்குகின்றன. கிழக்குக் கரையில் வாடைக் காற்றும் மழையும் நவம்பர் தொடக்கம் கடலைக் கொந்தளிக்கச் செய்வதால், நல்ல வால் இயல்பாகக் கிடைக்கும் காலம் மார்ச் முதல் ஓகஸ்ட் வரை என்று கொள்வதே பொருத்தமானது. வெளிநாடுகளில் வாழும் உறவினர் விடுமுறைக்கு ஊர் திரும்பும் யூலை, ஓகஸ்ட் மாதங்கள் இக்காலத்துள் அமைவது நல்வாய்ப்பு. எனினும் அவற்றிடையே வரும் ஆடி மாதத்தில் செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளுக்கு மரக்கறி நாள்களாதலின், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு நாளைக் குறித்த பின்னரே இறாலுக்குச் சொல்லி வைப்பது முறை.

பெண் இறால் தன் வாலின் அடியிலுள்ள நீந்துகால்களில், அதாவது வாற்பகுதியின் கீழ் இருபுறமும் இணையிணையாகத் தொங்கும் மெல்லிய மடல்களில், இலட்சக்கணக்கான முட்டைகளைச் செம்மஞ்சள் நிறக் கொத்தாகச் சுமக்கிறது. அவற்றிலிருந்து வெளிவரும், இலை போலத் தட்டையான, கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் குடம்பிகள் பல மாதங்கள் திறந்த கடலில் மிதந்து திரிந்த பின்னரே கரையோரப் பாறைகளுக்குத் திரும்புகின்றன என்பதால், பிழைப்பவை மிகச் சிலவே. சில இடங்களில் முட்டைகளைச் சுரண்டி அகற்றிவிட்டு இறாலை விற்பதுண்டு. நீந்துகால்களின் மெல்லிய மயிர்கள் பிய்ந்து கிடப்பதும் அவற்றில் முட்டை எச்சம் ஒட்டியிருப்பதும் இதைக் காட்டிக்கொடுக்கும். அத்தகைய இறாலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கலைஞர் வாங்கலாகாது. நிலாவெளிக்கு எதிரே, 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவைச் சூழ்ந்த பவளப் பாறைகளிலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரிந்தால் அதையும் மறுத்துவிட வேண்டும், ஏனெனில் அப்பாறைகள் காக்கப்படுவது சுற்றியுள்ள கடல் முழுவதற்கும் வித்தாகும்.

உயிருள்ள இறாலை முதுகைப் பிடித்துத் தூக்கினால் வாலை விசையுடன் உள்ளே மடக்கும். வால் தளர்ந்து தொங்கினால் உயிர் போயிருக்கிறது அல்லது போய்க்கொண்டிருக்கிறது. இறந்த இறாலைப் பற்றிய எச்சரிக்கைக்குத் தெளிவான காரணம் உண்டு. தலைப்பகுதியினுள் இருக்கும், மஞ்சளும் பச்சையும் கலந்த நிறமுடைய செரிமானச் சுரப்பியில் புரதத்தைக் கரைக்கும் நொதியங்கள் நிறைந்துள்ளன. உயிர் நீங்கியதும் அவை கசிந்து வாலுக்குள் புகுந்து, தசையைக் களியாக்கத் தொடங்குகின்றன. தலையும் வாலும் சந்திக்கும் இடத்தில் தசை மாவாக உதிர்வதும், அவ்விடத்தில் கருமை படர்வதும் இதன் அடையாளங்கள். ஆகவே கரையில் இறந்த இறாலேயாயினும், உடனடியாகத் தலையை நீக்கி வாலைப் பனிக்கட்டியில் வைத்திருந்தால் அது நல்ல வாலாகவே இருக்கும். தலையுடன் அரை நாள் வெயிலில் கிடந்தது எவ்வளவு பெரிதாயினும் விருந்துக்கு உதவாது.

உயிருள்ள இறாலைக் கொதிநீரில் போடும் வழக்கம் பரவலாக இருந்தாலும் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. சுவிற்சர்லாந்து 2018ஆம் ஆண்டில், மயக்கமுறச் செய்யாமல் கொதிநீரில் இடுவதைச் சட்டத்தால் தடுத்தது. ஐக்கிய இராச்சியம் 2022ஆம் ஆண்டின் சட்டமொன்றில் நண்டு, இறால் இனங்களையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது. வீட்டிலே செய்யத்தக்கது எளிது: நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிதளவு கடல்நீரும் கலந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் வைத்து, அசைவு முற்றாக அடங்கிய பின்னர், கனமான கத்தியின் முனையால் தலையோட்டை நடுக்கோட்டில் ஒரே வெட்டாகப் பிளக்க வேண்டும். பிறகு தலையையும் வாலையும் எதிரெதிராகத் திருகிப் பிரித்து, முறித்தெடுத்த உணர்கொம்பின் மெல்லிய நுனியை வால் விசிறியின் அடியிலுள்ள கழிவுத் துவாரத்தில் செலுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால், கொம்பிலுள்ள முட்களில் சிக்கிக்கொண்டு குடல் முழுமையாக வெளிவரும்; தசையைக் கீறாமலே சுத்தம் செய்யும் இவ்வழி பல நாடுகளில் கடற்கரை மக்கள் கையாள்வது, இதை விஞ்சிய கருவி கடையில் இல்லை.

தீயைப் பற்றிய அறிவு இங்குதான் தேவைப்படுகிறது. தசையின் இழைகளில் மயோசின், அக்டின் என்னும் இரு புரதங்கள் முதன்மையானவை. ஏறத்தாழ 50 பாகை செல்சியசில் மயோசின் உறையத் தொடங்கும்போது தசை கண்ணாடித் தன்மை நீங்கி வெண்மையாகவும், கடிக்க இதமாகவும் ஆகிறது. வெப்பம் 70 பாகையை நெருங்கும்போது அக்டினும் சுருங்கி, இழைகளுக்கிடையே தங்கியிருந்த சாற்றைப் பிழிந்து வெளியேற்றுகிறது. நாராகிப்போன இறால் என்று வீடுகளில் நொந்துகொள்வது இச்சாறு போன தசையைத்தான். வாலின் நடுப்பகுதி 60 முதல் 63 பாகைக்குள் இருக்கும்போது அதை இறக்கிவிடுவது சிறந்தது. வெப்பமானி இல்லாதவர், தடித்த துண்டொன்றைப் பிளந்து பார்த்து, நடுவில் ஒளி ஊடுருவும் சாயல் மறைந்து முத்து நிறம் வந்துள்ளதா என்று அறியலாம். ஓட்டின் நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஓட்டிலுள்ள அசுட்டாசாந்தின் என்னும் செந்நிறப் பொருள், உயிருள்ள இறாலில் ஒரு புரதத்துடன் பிணைந்து நீலமும் பச்சையுமாகத் தோன்றுகிறது. வெப்பம் அப்புரதத்தைக் குலைத்ததும் செம்மை வெளிப்படுகிறது. வெளியிலிருக்கும் ஓடு முதலில் சூடேறுவதால், உள்ளே தசை பச்சையாக இருக்கும்போதே வெளியே சிவப்பு வந்துவிடும்.

இனி விருந்துக்குரிய பால்கறி. அரைக் கிலோ நிறையுள்ள இரண்டு சிங்கி இறால்கள், மற்றக் கறிகளுடன் பரிமாறும்போது நால்வருக்குப் போதும். வால்களைக் கொதிநீரில் ஒரு நிமிடம் மட்டும் அமிழ்த்தி உடனே குளிர்நீரில் இட்டால் தசை ஓட்டிலிருந்து கழன்றுகொள்ளும். அடிப்பக்கத்து மெல்லிய தோலைக் கத்தரிக்கோலால் இருபுறமும் வெட்டித் தசையை முழுதாக எடுத்து, இரு விரல் அகலத் துண்டுகளாக்கி, சிறிது உப்பும் மஞ்சளும் தடவிக் குளிரில் வைக்க வேண்டும். தலைகளிலிருந்து செரிமானச் சுரப்பியையும், மணல் தங்கும் இரைப்பையையும், பூப்போன்ற செவுள்களையும் நீக்கிவிட்டு, மீந்த தலையோட்டையும் கால்களையும் வாலின் வெற்றோட்டையும் உரலில் இட்டு நொறுக்குவது அடுத்த வேலை. தாச்சியில் தேங்காயெண்ணெய் காய்ந்ததும் பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, இரம்பை இலை, சின்ன வெங்காயம், உள்ளி, இஞ்சி ஆகியவற்றுடன் இவ்வோடுகளைச் சேர்த்து, எண்ணெய் செம்மஞ்சள் நிறம் பெறும் வரை பொறுமையாக வதக்க வேண்டும். அசுட்டாசாந்தின் எண்ணெயில் கரைவது, நீரில் கரையாதது என்பதால், வதக்காமல் நேரே நீரூற்றினால் இந்நிறமும் அதனுடன் வரும் மணமும் ஓட்டிலேயே தங்கிவிடும். பின்னர் ஒரு தேங்காயின் மூன்றாம் பாலை ஊற்றி, சிறு தீயில் முப்பது நிமிடமோ சற்றுக் கூடுதலாகவோ காய்ச்சி, துணியில் வடித்துப் பிழிந்தெடுக்கும் சாறே கறியின் உயிர்நாடி.

அச்சாற்றில் இரண்டாம் பாலையும், பிளந்த பச்சை மிளகாயையும், வறுத்தரைத்த கறித்தூள் இரண்டு தேக்கரண்டியையும் சேர்த்துப் பாதியாக வற்றவிட வேண்டும். தூளைக் கூட்டுவதில் தாராளம் காட்டலாகாது. நெத்தலிக்கும் சூரைக்கும் பொருந்தும் உறைப்பு இங்கே இறாலின் இனிமையை விழுங்கிவிடும், பழப்புளியும் கொறுக்காய்ப் புளியும் அவ்வாறே. முதற்பாலைச் சேர்த்த பின் கறி கொதிக்கவே கூடாது, ஏனெனில் கடுங்கொதியில் பாலின் புரதம் திரண்டு எண்ணெய் பிரியும். விருந்தினர் கை கழுவி அமர்ந்த பின்னர், விளிம்பில் மட்டும் சிறு குமிழிகள் எழும் அந்நிலையில் தசைத் துண்டுகளை இட்டு, ஒரு முறை புரட்டி, மூன்று நான்கு நிமிடங்களில் இறக்கி, தீயிலிருந்து எடுத்த பிறகே தேசிக்காய்ச் சாற்றைப் பிழிய வேண்டும். குழம்பைக் காலையிலேயே வைத்து ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், தசையை அவ்வாறு முன்கூட்டிச் சமைக்க இயலாது என்பதை வீட்டாருக்கு முன்பே சொல்லிவிட்டால், பந்தி பிந்தியதற்காகக் கறி சட்டியிலேயே கிடந்து வேகும் நிலை வராது. இதற்கு இடியப்பமே உற்ற துணை. புட்டு சாற்றை மிகுதியாக உறிஞ்சிவிடும்.

தணலில் வாட்ட விரும்புபவர், வாலை ஓட்டுடன் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, சுருளாதிருக்க மூங்கிற் குச்சி செருகி, உள்ளியும் மிளகும் கலந்த பட்டர் பூசி, சிரட்டைக் கரித் தணலில் ஓட்டுப்பக்கம் கீழாக வைத்தே பெரும்பகுதி நேரத்தையும் கழிக்க வேண்டும். ஓடு தசைக்குக் கேடயமாகிறது. தசைப்பக்கம் தணலைக் காண ஒரு நிமிடம் போதும்.

கடல் மூடிய மாதங்களில் உறைவித்த வால் மட்டுமே கிடைக்கும்போது, அது திறந்த காலத்தில் முறைப்படி பிடிக்கப்பட்டதா என்று வாங்குமிடத்தில் கேட்டறிந்து, முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மெல்ல உருகவிட வேண்டும்; வெந்நீரில் உருக்கினால் வெளிப்புறம் வெந்து உட்புறம் கட்டியாகவே நிற்கும், உருகியதை மீண்டும் உறைவித்தால் தசையின் சாறு முழுவதும் போய்விடும்.

ஓட்டுயிர் உணவுகள் ஒவ்வாத விருந்தினர் எவரேனும் உளரா என்பதை அழைக்கும்போதே கேட்டுவிட வேண்டும். இவ்வொவ்வாமைக்கு முதற்காரணமான துரோப்போமயோசின் என்னும் புரதம் வேகவைப்பதால் அழியாதது, வடித்த சாற்றிலும் அது இருக்கும் என்பதால், துண்டுகளை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றுவது காப்பாகாது. விருந்து முடிந்து எஞ்சிய தசையை மறுநாள் கறியுடன் சூடாக்கினால் இவ்வளவு கவனமும் வீணாகும். அன்றிரவே குழம்பிலிருந்து அதைப் பிரித்துக் குளிரில் வைத்து, மறுநாள் நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ச் சாறு ஆகியவற்றுடன் குளிராகவே சம்பலாகப் பிசைந்து பாணுடன் கொடுக்கலாம், குழம்பைத் தனியே சூடாக்கிச் சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளலாம்.