எண்ணெய் வண்ண பிரஷ்: முடி பார்த்து வாங்குவோம், முறை சொல்லி விற்போம்

பலசரக்குக் கடையின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அலமாரி போட்டு நோட்டு, பேனா, வண்ணப் பெட்டி விற்கும் வணிகர்கள் நம்மில் ஏராளம். கோடை விடுமுறையில் ஓவிய வகுப்புகள் தொடங்கும்போதும், ஜூனில் பள்ளி திறக்கும்போதும் பிரஷ் கேட்டு வருவார்கள். எல்லா பிரஷ்ஷையும் ஒரே டப்பாவில் குத்தி வைத்து, கேட்ட நம்பரை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குவதோடு பெரும்பாலான கடைகளில் வியாபாரம் முடிந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்து அதே வாடிக்கையாளர் வந்து, "அண்ணாச்சி, முடியெல்லாம் கொட்டுது, மிச்சம் இருக்கிறது குச்சி மாதிரி விறைச்சுப் போச்சு" என்பார். அரிசி, பருப்பு என்றால் ரகம் கேட்டு, கையில் அள்ளிப் பார்த்து வாங்கும் நாம், பிரஷ் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது சரியல்ல. இதிலும் ரகம் உண்டு. சட்டச் சிக்கலும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிரஷ் கேட்டு வருபவரிடம் நம்பரைக் கேட்பதற்கு முன்னால், "எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா, தண்ணீர் வண்ணமா?" என்று கேட்க வேண்டும். ஆயில் கலர் கெட்டியானது. அதை அள்ளி, துணியின் மேல் இழுத்துப் பரப்ப விறைப்பான முடி வேண்டும். தண்ணீர் வண்ணத்துக்கான அணில் முடி பிரஷ்ஷை அதில் போட்டால் துவண்டு விழும். அக்ரிலிக் தண்ணீரில் கரைத்துத் தீட்டுவது. பன்றி முடி நெடுநேரம் தண்ணீரில் இருந்தால் விறைப்பை இழந்துவிடும். அதற்குச் செயற்கை இழைதான் ஏற்றது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே திரும்பி வரும் சரக்கு வெகுவாகக் குறையும்.

பன்றி முடியும் மற்றவையும்

ஐரோப்பாவில் எண்ணெய் வண்ண ஓவியத்துக்குக் காலங்காலமாக உழைத்து வருவது பன்றி முடி. கடையில் 'ஹாக் ஹேர்' என்று எழுதி வரும். இந்த முடியின் நுனி இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவில்தான் வண்ணம் தங்குகிறது. ஒவ்வொரு முடிக்கும் இயற்கையான ஒரு வளைவும் உண்டு. நல்ல தயாரிப்பாளர் எல்லா முடியும் உள்நோக்கி வளையும்படி கட்டுவார். அப்படிக் கட்டிய பிரஷ் நாள்பட்ட பிறகும் விரியாது. மட்டமான சரக்கில் முடியைக் கத்தரித்து வடிவம் கொடுத்திருப்பார்கள். பிளந்த நுனி வெட்டுப்பட்டுப் போனதால் அது வண்ணத்தைப் பிடிக்காது, கோடு கோடாகக் கீறும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

1400ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் வாழ்ந்த சென்னினோ சென்னினி என்ற ஓவியர், ஓவியத் தொழிலைப் பற்றி எழுதிய கைநூலில் பன்றி முடி பிரஷ் கட்டும் முறையை விவரிக்கிறார். வீட்டில் வளர்க்கும் வெள்ளைப் பன்றியின் முடியை எடுத்து, பெரிய கட்டாகக் கட்டி, முதலில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பயன்படுத்த வேண்டுமாம். முடி பதமான பிறகு கட்டை அவிழ்த்து ஓவிய பிரஷ் செய்ய வேண்டுமாம்! அரிவாளைத் தீட்டிப் பதம் பார்ப்பது போல அந்தக் காலத்தில் முடியைப் பதம் பார்த்திருக்கிறார்கள்.

மென்மையான வேலைக்கு, அதாவது முகம், கண், நகை போன்ற நுணுக்கங்களுக்கு 'ஸேபிள்' என்ற ரகம். இதில் உயர்ந்தது 'கோலின்ஸ்கி'. சைபீரியா பக்கத்து மரநாய் இனத்தைச் சேர்ந்த சிறு பிராணியின் வால் முடி அது. விலை அதிகம். நம் கடைகளில் வாங்கி வைத்தால் முதல்தான் முடங்கும். கேட்பவருக்கு மட்டும் வரவழைத்துக் கொடுக்கலாம். நைலான், பாலியெஸ்டர் இழை பிரஷ்கள் இப்போது நன்றாகவே வருகின்றன. மாணவர்களுக்கு அவையே போதும்.

'கேமல் ஹேர்' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் ஒட்டக முடி கிடையாது. அணில், ஆடு, குதிரைக்குட்டி என்று கிடைத்த மென்முடிகளுக்கெல்லாம் வியாபாரத்தில் வைத்த பெயர் அது. எண்ணெய் வண்ணத்துக்கு உதவாது.

வடிவத்தைப் பொறுத்தவரை உருண்டை, தட்டை, குட்டையான தட்டை, நுனி வளைந்த 'ஃபில்பர்ட்', விசிறி என்று பல உண்டு. 19ஆம் நூற்றாண்டில் உலோகப் பூண் வந்த பிறகுதான் தட்டை பிரஷ் பெருவழக்கானது. அதற்கு முன் இறகுத் தண்டிலும் நூல் கட்டிலும் செய்த உருண்டைதான் பெரும்பாலும். புதிதாகக் கற்பவருக்குப் பன்னிரண்டு பிரஷ் கொண்ட செட்டைத் தலையில் கட்ட வேண்டாம். பன்றி முடியில் தட்டை அல்லது ஃபில்பர்ட் 4, 8, 12 ஆகிய மூன்று, மென்மையான உருண்டை 2ஆம் நம்பர் ஒன்று. இந்த நான்கு போதும். நம்பர் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறுபடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு கம்பெனியின் 8, இன்னொன்றின் 6 அளவே இருக்கக்கூடும்.

கொள்முதலின்போது

மொத்த வியாபாரி கட்டுக்கட்டாகக் காட்டும்போது, ஒரு கட்டில் ஒரு பிரஷ்ஷையாவது உருவிப் பாருங்கள். புது பிரஷ்ஷின் முடி கோந்து போட்டு ஒட்டியிருக்கும். அது பயணத்தில் வடிவம் கெடாமல் இருப்பதற்காக. அந்த நிலையில் தரம் தெரியாது. ஒன்றைத் தண்ணீரில் நனைத்துக் கோந்தைப் போக்கி, உள்ளங்கையில் அழுத்தி எடுங்கள். முடி பழைய நிலைக்கு நிமிர வேண்டும். லேசாக இழுத்தால் ஓரிரு முடி வரலாம், கொத்தாக வரக்கூடாது. பூணைத் திருகிப் பார்த்தால் ஆடக்கூடாது. பூணில் நெளிவு இரண்டு வரிசையாக அழுத்தியிருந்தால் பிடிப்பு அதிகம். தகரப் பூண் துருப்பிடிக்கும். நிக்கல் பூசிய பித்தளையே நல்லது. நனைத்துப் பார்த்த அந்த ஒன்றைக் கடையில் மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் அதை அழுத்திப் பார்க்கட்டும். விற்பனைச் சரக்கில் கோந்தை உடைக்க விடாதீர்கள்.

இப்போது சட்ட விஷயம். வட மாநிலங்களில் தயாராகி நம் ஊர் வரை வந்த பிரஷ்களில் கீரி முடி பிரஷ்ஷும் உண்டு. விறைப்பும் நல்ல நுனியும் இருப்பதால் ஓவியர்கள் விரும்பிக் கேட்டதுண்டு. இந்தியாவின் எல்லா வகைக் கீரிகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. கீரியைக் கொல்வது மட்டுமல்ல, அதன் முடியை வைத்திருப்பதும், அதில் செய்த பிரஷ்ஷை விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2019 அக்டோபரில் மத்திய வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் பல இடங்களில் சோதனை நடத்தி, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரஷ்களையும் நூறு கிலோவுக்கு மேல் கீரி முடியையும் கைப்பற்றியது. ஒரு கீரியில் கிடைப்பது சில பத்து கிராம் முடிதான். நூறு கிலோ என்றால் எத்தனை ஆயிரம் கீரிகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கிடங்கில் எலித் தொல்லையால் மூட்டை மூட்டையாக நஷ்டப்படும் நாம், எலியைத் தின்னும் பிராணியைக் கொன்று செய்த பொருளை விற்பது எந்த ஊர் நியாயம்?

"எனக்குத் தெரியாது, மொத்தக் கடையில் கொடுத்தார்கள்" என்ற பதில் அதிகாரியிடம் எடுபடும் என்று நம்பியிருக்க வேண்டாம். கீரி முடி ஒரே நிறமாக இராது. வெளுப்பும் கரும்பழுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். பிரஷ்ஷில் நுனி வெளுத்து நடுவில் கரும்பட்டை தெரியும். ஆனால் அதே நிறத்தில் செயற்கை இழைக்கும் சாயம் ஏற்றுகிறார்கள். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஓர் இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள். செயற்கை இழை உருகி மணியாகத் திரளும். உண்மையான முடி தலைமுடி கருகும் வாடையோடு பொரிந்து சாம்பலாகும். முடி என்று தெரிந்து, எந்தப் பிராணியின் முடி என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சரக்கே வேண்டாம். ஜி.எஸ்.டி. பில்லில் 'செயற்கை இழை' அல்லது 'பன்றி முடி' என்று தெளிவாக எழுதி வாங்கி, பத்திரப்படுத்துங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் இந்த ஒரு சரக்கையாவது வாங்காதிருங்கள்.

வாங்கியவருக்குச் சொல்ல வேண்டியது

எண்ணெய் வண்ணம் தண்ணீர் வற்றிக் காய்வதல்ல. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவதால் காய்வது. இறுகிய பின் தண்ணீரிலும் கரையாது, டர்பன்டைனிலும் எளிதில் கரையாது. அதனால் வேலை முடிந்த அன்றே கழுவ வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பிரஷ் போச்சு.

முதலில் பழைய செய்தித்தாளில் பூணிலிருந்து நுனி நோக்கி அழுத்தித் துடைக்க வேண்டும். முக்கால்வாசி வண்ணம் இதிலேயே போய்விடும். பிறகு டர்பன்டைனில் அலசலாம். அந்த நெடி ஒத்துக்கொள்ளாதவர்கள் சூரியகாந்தி எண்ணெயிலும் அலசலாம். நம் கடைச் சரக்குதான்! அடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சாதாரண பார் சோப்பை உள்ளங்கையில் குழைத்து பிரஷ்ஷைச் சுழற்றித் தேய்க்க வேண்டும். நுரை வெள்ளையாக வரும் வரை விடக்கூடாது. வண்ணம் தங்குவது நுனியில் அல்ல, பூணின் வாயில். அங்கே இறுகினால் முடி விரிந்து துடைப்பம் ஆகிவிடும். சில வண்ணங்களில் ஈயம், காட்மியம் கலந்திருக்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்வது நல்லது. சமையல் பாத்திரம் கழுவும் தொட்டியில் பிரஷ் கழுவக்கூடாது.

கொதிக்கும் தண்ணீர் ஆகாது, பூணுக்குள் இருக்கும் பசை இளகிவிடும். கழுவிய பிறகு விரலால் வடிவம் பிடித்து, படுக்கை வாட்டில் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு நிமிர்த்தி நிறுத்தினால் தண்ணீர் பூணுக்குள் இறங்கிக் கைப்பிடி மரம் ஊதி, வார்னிஷ் வெடிக்கும். டர்பன்டைன் டப்பாவில் தலைகீழாக ஊறப் போடுவது பலருக்கும் உள்ள கெட்ட வழக்கம். ஓர் இரவில் நுனி கோணிவிடும், பிறகு நிமிராது.

நம் அலமாரியிலும் கவனம் வேண்டும். இயற்கை முடியை அந்துப்பூச்சி அரிக்கும். அடைமழைக் காலத்தில் ஈரப்பதமும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். மூடியுள்ள டப்பாவில் பாச்சை உருண்டை போட்டு வைப்பது வழக்கம். அந்த டப்பாவைத் தேயிலை, அரிசி, பிஸ்கட் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வாடை ஏறிய தேயிலையை யாரும் வாங்க மாட்டார்கள்.

டர்பன்டைன் எளிதில் தீப்பற்றும். ஊதுபத்தி, சூடம் கொளுத்தும் இடத்திலிருந்து தள்ளி, சிறு பாட்டில்களாகக் குறைந்த அளவே இருப்பு வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணி அதைவிட ஏமாற்றக்கூடியது. இறுகும்போது அந்த எண்ணெய் வெப்பத்தை வெளியிடும். துணியைச் சுருட்டிக் குவியலாகப் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றி, நெருப்பு வைக்காமலே தானாகப் பற்றிக்கொள்ளும். எண்ணெய் பாட்டில் உடைந்து துடைக்க நேர்ந்தால், அந்தத் துணியைக் கோணிக் குவியலின் மேல் எறியாமல், தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போட்டு மூடி வையுங்கள். அல்லது வெளியே தனியாகக் கொடியில் விரித்துக் காய விடுங்கள். இரவு கடை அடைக்கும்போது பையனிடம் இதைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.