லாரி பிரேக் பார்ட்ஸ்: கடை விலையைப் பார்க்காதீங்க, கிலோமீட்டர் கணக்கைப் பாருங்க!



தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி லோடோடு வரும் எந்த டிரைவரிடமும் தொப்பூர் கணவாய் பற்றிக் கேட்டுப் பாருங்க. அந்த இறக்கத்துல பிரேக்கை நம்பித்தான் வண்டியை விடுறோம்னு சொல்வார். ஆனா அதே வண்டிக்கு லைனிங் மாத்தும்போது உரிமையாளர் கேட்கிற முதல் கேள்வி, "இதைவிடக் கம்மி விலையில இருக்கா?" என்பதுதான்.

அந்தக் கேள்வி தப்பில்லை. இ.எம்.ஐ., டீசல், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் போக மிஞ்சுறது கொஞ்சம்தான். எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்பதுதான் விஷயம். நம்ம சேனல்ல எப்பவும் சொல்ற மாதிரி, முதல்ல கணக்கு.

ஒரு சின்னக் கணக்கு

கீழே இருக்கிற எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்தான். உங்க பில்லில் இருக்கிற எண்ணைப் போட்டுக்குங்க.

ஒரு ஆக்ஸிலுக்கு, அதாவது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து, லைனிங் வாங்கணும்.

• லைனிங் 'அ': விலை ரூ.3,000, ஓடுவது 25,000 கி.மீ.
• லைனிங் 'ஆ': விலை ரூ.5,200, ஓடுவது 50,000 கி.மீ.

கடையில நிக்கும்போது 2,200 ரூபாய் வித்தியாசம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனா எந்த லைனிங் போட்டாலும் பட்டறைக் கூலி ஒண்ணுதான், ரூ.1,500 என்று வைப்போம். வண்டி ஒரு நாள் நிக்குது. அந்த நாளுக்கான இ.எம்.ஐ., இன்சூரன்ஸ், டிரைவர் செலவு, போன வாடகை எல்லாம் சேர்த்து ரூ.4,000 என்று வைப்போம்.

'அ': 3,000 + 1,500 + 4,000 = ரூ.8,500. இதை 25,000 கிலோமீட்டரால வகுத்தா, கிலோமீட்டருக்கு 34 பைசா.

'ஆ': 5,200 + 1,500 + 4,000 = ரூ.10,700. இதை 50,000 கிலோமீட்டரால வகுத்தா, கிலோமீட்டருக்கு சுமார் 21 பைசா.

வருஷம் ஒரு லட்சம் கி.மீ. ஓடுற வண்டியில ஒரே ஒரு ஆக்ஸிலுக்கு 12,600 ரூபாய் வித்தியாசம் வருது.

"சார், டபுள் கிலோமீட்டர் எல்லாம் ஓடாது" என்று நீங்க சொல்லலாம். சரி, எவ்வளவு ஓடினா போட்ட காசு சரியாகும்? ரூ.10,700-ஐ 34 பைசாவால வகுத்தா சுமார் 31,500 கி.மீ. அதாவது 'ஆ'வின் விலை 73 சதவீதம் அதிகம். ஆனா 26 சதவீதம் கூடுதலா ஓடினாலே அது முதலுக்கு வந்துடும். கூலியும் ஹால்ட்டும் இரண்டுக்கும் ஒண்ணா இருக்கிறதுதான் காரணம். இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் பேசும். விலை ரொம்ப அதிகமா இருந்து, கிலோமீட்டர் கூடலேன்னா அது வீண் செலவுதான். விலை கூடினதெல்லாம் தரமானது என்று நான் சொல்லவே இல்லை.

இறக்கத்துல என்ன நடக்குது?

28 டன் மொத்த எடையுள்ள பத்து சக்கர லாரியை எடுத்துக்குவோம். அது 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவர்ற ஆற்றல், அதே லாரியை 60 கி.மீ. வேகத்திலிருந்து ஏழு தடவை முழுசா நிறுத்துறதுக்குச் சமம். அந்த ஆற்றல் எங்கேயாவது போகணும் இல்லையா? கியர்ல இறங்கி எக்ஸாஸ்ட் பிரேக்கும் போட்டா, ஒரு பகுதியை எஞ்சின் தாங்கிக்கும். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல இறக்கினா, ஏறக்குறைய மொத்தமும் லைனிங், ட்ரம் மேல சூடாக இறங்கும்.

சூடு ஏற ஏற லைனிங்கின் பிடிப்பு குறையும். டிரைவர் அழுத்திக்கிட்டே இருப்பார், வண்டி ஓடிக்கிட்டே இருக்கும். தரம் குறைந்த லைனிங் சமதளத்துல, காலிவண்டியில நல்லாத்தான் பிடிக்கும். அதன் உண்மையான முகம் லோடோடு இறக்கத்துல, சூட்டுலதான் தெரியும். அப்போ தெரிஞ்சு பிரயோஜனம் இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. பார்ட் நம்பர். "பத்து சக்கரத்துக்கு லைனிங் குடுங்க" என்று கேட்காதீங்க. வண்டி மாடல், ஆக்ஸில், ட்ரம் விட்டம், லைனிங் அகலம் எல்லாம் பொருந்தணும். பழைய லைனிங்கில் நம்பர் தெரிந்தால் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

2. லைனிங் ஓர எழுத்து. பல லைனிங்குகளின் ஓரத்துல கம்பெனி, கிரேடு விவரத்தோடு இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரண நிலையில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது சூட்டில் எவ்வளவு என்பதையும் சொல்லும். 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இருந்தா, சூட்டுல பிடிப்பு குறையும்னு அர்த்தம். இந்த எழுத்து ஆயுளைச் சொல்லாது. பெரிய எழுத்தா வாங்குறதும் சரியில்லை. கம்பெனியிலிருந்து வந்தது எதுவோ அதற்குச் சமமா இருக்கணும்.

3. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது. அதோட தூசி நுரையீரலைக் கெடுக்கும். ட்ரம்மைக் கழட்டி ஊதி சுத்தம் பண்றது நம்ம மெக்கானிக்தான். எந்த லைனிங்கா இருந்தாலும் தூசியை ஏர் அடிச்சு பறக்கவிட வேண்டாம்.

4. இரண்டு பக்கமும் ஒண்ணா. ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சிருந்தாலும், அந்த ஆக்ஸிலின் இரு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே கிரேடு போடணும். இல்லேன்னா பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயரும் ஒழுங்கில்லாம தேயும். ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்ஞ்சது என்பதையும் கண்டுபிடிக்கணும்: ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், எஸ்-கேம் புஷ் தேய்ஞ்சிருக்கலாம், ஸ்லாக் அட்ஜஸ்டர் வேலை செய்யாம இருக்கலாம், ஹப் சீல் கசிந்து கிரீஸ் இறங்கியிருக்கலாம். காரணத்தை விட்டுட்டு லைனிங்கை மட்டும் மாத்தினா, அதே செலவு திரும்ப வரும்.

5. சேம்பர் சைஸ். ஏர் பிரேக் சேம்பரில் 20, 24, 30 என்று இருக்கிற எண், டயாஃப்ரம் பரப்பை சதுர அங்குலத்துல சொல்றது. ஒரே ஏர் பிரஷரில் 24-ஐவிட 30 தள்ளுற விசை 25 சதவீதம் அதிகம். ஒரு பக்கம் 24, இன்னொரு பக்கம் 30 போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. ஸ்லாக் அட்ஜஸ்டரின் நீளத்துக்கும் இதே விதிதான்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பழைய ஷூ வளையாம, ரிவெட் ஓட்டை பெருசாகாம இருந்தா, அதுலயே புது லைனிங் அடிக்கலாம். புது ஷூ தேவையில்லை.

ட்ரம்மில் வரி விழுந்திருந்தா கடைசல் பிடிக்கலாம். ஆனா ட்ரம்மில் குறிச்சிருக்கிற அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக்கூடாது. கடைசல் பிடிச்ச ட்ரம்முக்கு அதற்கேற்ற ஓவர்சைஸ் லைனிங் போடணும். அப்போதான் முழு லைனிங்கும் ட்ரம்மைத் தொடும். விரிசல் விழுந்த ட்ரம்மை மட்டும் யோசிக்காம மாத்திடுங்க. அதுல கடைசல் வேலைக்கே ஆகாது.

லைனிங்கை ரிவெட் தொடும் வரை ஓட்டுறது மிச்சம் இல்லை. ரிவெட் ட்ரம்மைக் கீறிடுச்சுன்னா, லைனிங் செலவோட ட்ரம் செலவும் சேர்ந்துக்கும்.

எங்கே பிடிக்கவே கூடாது?

பார்க்கிங் பிரேக் வேலை செய்ற ஸ்பிரிங் சேம்பர், வால்வு, ஏர் ஹோஸ் மூன்றிலும் செகண்ட் ஹேண்ட் வேண்டாம். ஸ்பிரிங் சேம்பருக்குள்ள அழுத்தி வெச்சிருக்கிற ஸ்பிரிங் ஆளையே கொல்லக்கூடியது. ரோட்டோரத்துல பிரிச்சு ரிப்பேர் பண்ணச் சொல்லாதீங்க. ஆட்டோமேட்டிக் ஸ்லாக் அட்ஜஸ்டர் இருக்கிற வண்டியில, ஒவ்வொரு ட்ரிப்புக்கும் கையால டைட் வைக்க வேண்டி வருதுன்னா, உள்ளே வேற கோளாறு இருக்கு, அதைப் பாருங்க.

பில் வாங்கலாமா?

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்ற பேச்சு வரும். 10 வண்டி வரைக்கும் வெச்சிருக்கிறவங்கள்ல பலர் உத்தேச வருமான முறையில வரி கட்டுறாங்க. அதுல 12 டன்னுக்கு மேலான வண்டிக்கு டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் வருமானம்னு கணக்கு. ரிப்பேர் செலவைத் தனியா கழிக்க முடியாது. அதனால "பில் எதுக்கு?" என்று தோணும்.

வரிக்காக இல்லை நண்பர்களே, போலிக்காக. போலி சரக்கு பில்லோட வர்றது அபூர்வம். லைனிங் வெடிச்சா வாரன்ட்டி கேட்கவும் பில் வேணும். இன்னொண்ணு, வண்டியை நல்ல நிலையில பராமரிக்கணும் என்பது மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியிலேயே இருக்கிற நிபந்தனை. ஏதாவது ஆகி கேள்வி வந்தா, நீங்க பராமரிச்சீங்க என்பதற்கு அந்த பில்தான் சாட்சி.

பிரேக்குக்கு ஒரு தனிக் கணக்கு

தரமில்லாத பார்ட்ஸை யாரும் ஆசைப்பட்டு வாங்குறதில்லை. வெளியூர்ல வண்டி நிக்கும், கையில காசு இருக்காது, கிடைச்சதை மாட்டிட்டு கிளம்புவோம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்குது.

அதனால போன இரண்டு வருஷ பிரேக் செலவைக் கூட்டுங்க. ஓடின கிலோமீட்டரால வகுங்க. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் வருதுன்னா, மாசம் 8,000 கி.மீ. ஓடுற வண்டிக்கு 8,000 ரூபாயை வாடகை வந்ததும் தனி அக்கவுண்ட்டுக்கு மாத்திடுங்க. லைனிங் குறியீட்டுக் கோட்டை நெருங்கும்போதே, ஊர்லேயே, நீங்க நம்புற கடையிலேயே செட்டை வாங்கி வைங்க. ஹால்ட்டையும் லோடு இல்லாத நாள்ல வெச்சுக்கலாம்.

ஒரு நோட்டு போடுங்க: தேதி, ஓடோமீட்டர், எந்த ஆக்ஸில், எந்தக் கம்பெனி, என்ன விலை. இரண்டு தடவை மாத்தினதுமே எது உங்க ரூட்டுக்கு லாபம்னு உங்க நோட்டே சொல்லும். கடைக்காரரையோ என்னையோ கேட்க வேண்டியதில்லை.

அந்த நோட்டை எழுதும்போது ஓட்டுற டிரைவரையும் கூப்பிட்டுக் கேளுங்க: "அண்ணே, தொப்பூர்ல பிரேக் எப்படி இருந்துச்சு?" எந்தக் கணக்குலயும் வராத பதில் அவர்கிட்டதான் இருக்கு.