தண்ணீர் விட்டால் மண் இறுகுமா?

ஜெர்சி சிட்டியின் பழைய செங்கல் வரிசை வீடுகளில் குழாய் மாற்றப் பள்ளம் எடுத்து மூடுவார்கள். ஒரு குளிர்காலம் கழிந்ததும் அந்த இடம் மட்டும் குழிந்து கிடக்கும். "மண்ணுன்னா அப்படித்தான் சார், அமரும்" என்று கையை விரிப்பார் காண்ட்ராக்டர். மண் மேல் பழி போடுவது சுலபம்.

சுவருக்கும் வேலிக்கும் நடுவே இரண்டடி சந்தில் ரோலர் நுழையாது. அங்கே ராம்மர்தான். நம் ஊர்த் திமிசுக் கட்டைக்கு இன்ஜின் வைத்ததுபோல் இருக்கும்: அறுபது எழுபது கிலோ எடை, ஓரடிக்கும் குறைவான அகலத்தில் பாதம், நிமிடத்துக்கு 600-க்கு மேல் குத்து. இந்த வேகத்தைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

நம்பிக்கை: பள்ளத்தை நிரப்பிவிட்டு மேலே நன்றாகக் குத்தினால் போதும்.

உண்மை: போதாது. குத்தின் பலம் கீழே போகப் போகத் தேய்ந்துவிடும். ஆறு முதல் எட்டு அங்குலம் மண் போட வேண்டும், குத்த வேண்டும், பிறகுதான் அடுத்த அடுக்கு. நான்கடிப் பள்ளத்துக்கு ஆறிலிருந்து எட்டு அடுக்கு ஆகும். இரண்டே அடுக்கில் முடித்தால் மேலே கெட்டி, அடியில் பொல பொல.

நம்பிக்கை: தண்ணீர் விட்டால் மண் தானாக இறுகும்.

உண்மை: இது நாம் ஊரிலிருந்து கொண்டுவந்தது. அஸ்திவாரத்துக்குள் மணல் கொட்டித் தண்ணீர் பாய்ச்சிப் பழகிவிட்டோம். நீர் வடிந்துபோகும் மணலுக்கு அது ஓரளவு சரி. களி கலந்த மண்ணில் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். குத்தக் குத்த மண் மெத்தைபோல நெளியும். அதற்காகக் காய்ந்த மண்ணும் உதவாது, துகள்கள் நகர்ந்து நெருங்க அளவான ஈரம் வேண்டும். அந்த அளவைக் கண்டறியும் சோதனையை 1933-இல் வெளியிட்டவர் லாஸ் ஏஞ்சலஸ் குடிநீர்த் துறைப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர். அணை கட்டும் வேலையில் பிறந்த அந்தச் சோதனைக்கு இன்றும் அவர் பெயர்தான். வீட்டுப் பள்ளத்துக்கு உள்ளங்கை போதும்: ஒரு பிடி மண்ணை இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். கையில் ஈரம் ஒட்டினால் காயவிடுங்கள்.

நம்பிக்கை: தோண்டிய மண்ணையே திரும்பப் போடலாம்.

உண்மை: பல இடங்களில் போடலாம். இங்கே இரண்டு தடங்கல் உண்டு. ஜனவரியில் உறைந்த கட்டிகளைப் போட்டுக் குத்தினால், ஏப்ரலில் பனி உருகி உள்ளே பொந்து விழும். அடுத்தது, ஜெர்சி சிட்டி இருக்கும் ஹட்சன் கவுண்டியின் பழைய குரோமேட் ஆலைகளின் கழிவைச் சென்ற நூற்றாண்டில் நிரப்பு மண்ணாகப் பல மனைகளில் கொட்டியிருக்கிறார்கள். அது நச்சு, உப்பிச் சுவரையும் தரையையும் தூக்கவும் செய்யும். மனையின் வரலாற்றைக் கேட்காமல் தோண்டாதீர்கள்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. பெட்ரோல் ராம்மர் பள்ளத்துக்குள் ஓடினால் கார்பன் மோனாக்சைடு அங்கேயே தேங்கும். அதற்கு வாசனை கிடையாது. மண்வெட்டி வைக்குமுன் 811-ஐ அழையுங்கள். நிலத்தடிக் குழாய், கம்பி எங்கே போகிறது என்று இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள்.