சேர்ந்து ஒளிரும் எலக்ட்ரான்கள்



கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது நம் முன்னோர் வாக்கு. கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான்களுக்கும் இது பொருந்தும் என்று காட்ட, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஒரு படம் வரைந்து வைத்தோம். "பத்து எலக்ட்ரான்கள் சேர்ந்தால் நூறு பங்கு ஒளி!" என்று கொட்டை எழுத்தில் எழுதினோம். அதைப் பார்த்த எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, "அக்கா, பத்துப் பேர் பத்துப் பங்குதானே தர முடியும்? மீதித் தொண்ணூறு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாள். நாங்கள் திருதிருவென விழித்தோம். அறிவியல் ஆசிரியையான சகோதரியிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் நாங்கள் அறிந்த விடையே இக்கட்டுரை.

நம் வீட்டு எல்.இ.டி. விளக்கில் ஒளி தருவது குறைகடத்தி என்னும் பொருள். அதிலுள்ள எலக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் படியிலிருந்து தாழ்ந்த படிக்கு இறங்கும்போது ஒளியை வெளியிடுகிறது. சாதாரணமாக ஒவ்வோர் எலக்ட்ரானும் தன் விருப்பம்போல் தனித்தனியே இறங்கும்.

1954-ஆம் ஆண்டில் ராபர்ட் டிக்கி என்ற அமெரிக்க இயற்பியல் அறிஞர் ஒரு புதுமையைக் கூறினார். ஒளிரும் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய இடத்தில் நெருங்கியிருந்தால், அவை ஒரே துகள்போல் சேர்ந்து ஒளிரும் என்றார். இதற்குச் 'சூப்பர்ரேடியன்ஸ்' என்று பெயர். நாம் கும்மியடிக்கும்போது பாட்டின் தாளம் எல்லாக் கைகளையும் ஒன்றாகத் தட்டவைக்கிறது அல்லவா? இங்கே தாளம் போடுவது அவற்றுக்குப் பொதுவான ஒளியே. நம் நாட்டு அறிஞர் ஜி. எஸ். அகர்வால் இத்துறையை ஆழ்ந்து ஆராய்ந்து, 1974-இல் நூலும் வெளியிட்டார்.

இனித் தங்கையின் கேள்விக்கு வருவோம். பத்து அலைகள் முகட்டோடு முகடு சேர்ந்தால் உயரம் பத்து மடங்கு. ஒளியின் வலிமையோ உயரத்தின் வர்க்கம், ஆகவே நூறு. ஆனால் அந்த ஒளி நீடிக்கும் காலம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நூறைப் பத்தால் வகுத்தால் பத்துதான்! மொத்த ஆற்றல் சிறிதும் கூடவில்லை.

அப்படியானால் சேர்வதால் என்ன பயன்? நம் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையை நினைத்துப் பாருங்கள். மூட்டைகளை மெதுவாக இறக்கினாலும் விரைவாக இறக்கினாலும் காய்களின் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் தாமதமானால் காய் அழுகும். எலக்ட்ரானும் அப்படியே. தலைமுடியைவிட நூறு மடங்குக்கும் மேல் மெல்லிய குறைகடத்தி ஏட்டுக்குள் எலக்ட்ரான்களை அடைத்துவைக்கலாம். இதைக் 'குவாண்டம் கிணறு' என்பார்கள். அகச்சிவப்பு ஒளி தரும் கிணறுகளில், தனி எலக்ட்ரான் ஒளிவிடும் முன்பே அதன் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக வீணாகிவிடும். 2015-இல் பாரிஸ் நகர ஆய்வாளர்கள் இத்தகைய கிணற்றில் எலக்ட்ரான்களை நெருக்கமாக நிரப்பினர். அவை அனைத்தும் ஒன்றாக அசைந்தன. எலக்ட்ரான்கள் கூடக்கூட ஒளி வெளிப்படும் வேகமும் கூடியது. வெப்பம் முந்திக்கொள்ளும் முன் ஒளி புறப்பட வழி பிறந்தது.

ஆகவே ஒற்றுமை இல்லாததை உண்டாக்குவதில்லை. இருப்பதை வீணாகாமல் காக்கிறது. எங்கள் படத்தில் இருந்த வாசகத்தை அழித்துவிட்டு, "சேர்ந்தால் ஒளி விரைவில் வரும், வீணாவது குறையும்" என்று திருத்தி எழுதினோம்.

அன்று அந்தத் தங்கை கேட்காதிருந்தால், தவறான படத்தின் முன் நின்று பெருமைப்பட்டிருப்போம். சிறியவர் கேட்கும் கேள்வியையும் மதிப்போம், தயங்காமல் கேட்போம்.