லென்ஸைப் பார்த்துக் கேமரா வாங்குங்கள்

சித்தப்பாவின் பீரோவில் பல வருடங்களாகக் கிடந்த நிக்கான் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று எனக்குக் கிடைத்தது. அதை நம்பித்தான் செகண்ட் ஹேண்டில் டி3200 வாங்கினேன். லென்ஸ் 'டக்' என்று கச்சிதமாக உட்கார்ந்தது. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் அசையவே இல்லை. விற்ற கடைக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, லென்ஸ்ல ஏஎஃப்னுதான் போட்டிருக்கு, ஃபோகஸ் ஆகலையே?"

"தம்பி, அந்த லென்ஸுக்குள்ள மோட்டார் கிடையாது. உங்க பாடியிலயும் கிடையாது. கையாலதான் திருப்பணும்."

அடுத்த வாரம் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்ட நொடியில் நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். குழந்தையின் முகம் மங்கிப்போய், பின்னால் நின்றவர் புடவைக் கரைதான் துல்லியமாக விழுந்தது. அந்தப் படத்தை இனி எடுக்க முடியாது. முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கப் போகிற யாரிடமும் மெகாபிக்சலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்கிறேன்: உங்கள் கையில் இருக்கிற லென்ஸ் எது, நாளை வாங்கப் போகிற லென்ஸ் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. டிஎஸ்எல்ஆர் வரை அதே வாய்தான். அதனால் பழைய லென்ஸ் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். ஆனால் மாட்டுவது வேறு, வேலை செய்வது வேறு. ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தைப் பாருங்கள். திருகாணியின் தலை போல ஒரு சின்னப் பிளவு இருக்கும். கேமராவின் வாயில் இடது கீழ்ப்பக்கம் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் முனை நீட்டிக்கொண்டிருந்தால், அது இந்தப் பிளவில் நுழைந்து லென்ஸைச் சுழற்றும். 2006இல் வந்த டி40 தொடங்கி, டி3000, டி5000 வரிசைகள் எதிலும் அந்த முனை இல்லை. அவற்றுக்கு உள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்தான் வேண்டும். 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கினால் பெயரின் முடிவில் 'டி' இருக்கிறதா, 'ஜி' இருக்கிறதா என்று பாருங்கள். 'ஜி'தான் உங்களுடையது. புதிய ஏஎஃப்-பி லென்ஸில் இன்னொரு சிக்கல்: டி3100, டி3200, டி5100 ஆகியவற்றில் அது மாட்டும், ஆனால் ஃபோகஸ் ஆகாது, கையால் திருப்பினாலும் பயனில்லை.

டி7000, டி7100, டி7200 மூன்றிலும் மோட்டாரும் உண்டு, 1977இல் தொடங்கிய ஏஐ வகை மேனுவல் லென்ஸுக்கு வெளிச்சம் அளக்கும் வசதியும் உண்டு. அதற்குப் பின் வந்த டி7500இல் மோட்டார் இருக்கிறது, அந்த அளவீடு இல்லை. புதியது என்பதால் எல்லாம் கூடியிருக்கும் என்று நினைக்கக் கூடாது. வீட்டில் பழைய நிக்கான் லென்ஸ்கள் இருந்தால் என் தேர்வு டி7200. சித்தப்பாவின் லென்ஸ் இப்போது அதில்தான் இருக்கிறது.

கேனன் கதை நேர்மாறு. 1987இல் பழைய எஃப்டி மவுண்டை அடியோடு கைவிட்டு இஎஃப் கொண்டுவந்தார்கள். அப்பா வைத்திருந்த ஏஇ-1இன் லென்ஸ் 1500டியில் மாட்டவே மாட்டாது. இடையில் கண்ணாடி வைத்த அடாப்டர் உண்டு, படத்தின் தரம் போய்விடும். அன்று அந்த வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்தது பெரிய நஷ்டம். ஆனால் இன்று புதிதாக வருகிறவருக்கு அதுவே நிம்மதி: இஎஃப் லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் உள்ளவை அனைத்திலும் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. சிவப்புப் புள்ளி என்றால் இஎஃப், வெள்ளைச் சதுரம் என்றால் 2003இல் வந்த இஎஃப்-எஸ். 1500டி, 200டி போன்றவற்றின் வாயில் இரண்டு அடையாளமும் இருக்கும். பிற்பாடு 6டி போன்ற ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் வெள்ளைச் சதுர லென்ஸ் மாட்டாது. நிக்கானில் சிறிய சென்சாருக்கான டிஎக்ஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் மாட்டும், ஆனால் 24 மெகாபிக்சல் டி750 சுமார் 10 மெகாபிக்சல் கேமராவாகச் சுருங்கும்.

பென்டாக்ஸின் கே மவுண்டும் 1975இலிருந்து தொடர்கிறது, நல்ல கேமராக்கள்தான். ஆனால் நம் ஊரில் லென்ஸ் தேடி அலைய வேண்டும். முதல் கேமராவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வீட்டில் எந்த லென்ஸும் இல்லை, வெறுங்கையோடு தொடங்குகிறீர்கள் என்றால் கேனனையே சொல்வேன். நாளை மிரர்லெஸ் வாங்கினாலும் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அடாப்டர் வழியே ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை. ஏஎஃப்-டி லென்ஸை அங்கேயும் கையால்தான் திருப்ப வேண்டும்.

எல்லோரும் முதலில் வாங்கச் சொல்லும் 50 மி.மீ. லென்ஸை நம் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பாருங்கள். சிறிய சென்சாரில் அது நிக்கானில் 75, கேனனில் 80 மி.மீ. போலத் தெரியும். சுவரில் முதுகு முட்டும் வரை பின்னால் போனாலும் குடும்பம் முழுக்க ஃபிரேமுக்குள் வராது. நிக்கானில் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ், கேனனில் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம்: வீட்டு விசேஷங்களுக்கு இவைதான் உதவும்.

பழைய லென்ஸ் வாங்கப் போனால் உங்கள் பாடியையும் எடுத்துப் போங்கள். செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள், சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை. பிறகு கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று ஃபோகஸ் செய்யுங்கள். அதோடு நிறுத்தாமல் அப்பெர்ச்சரை எஃப் 8இல் வைத்து ஒரு படம் எடுங்கள். பிலிம் காலத்துச் சிக்மா லென்ஸ்கள் சில, முழுக்கத் திறந்த நிலையில் டிஜிட்டல் கேனனில் நன்றாகவே எடுக்கும். எஃப் 8க்கு வந்ததும் திரையில் பிழை எண் காட்டி நின்றுவிடும்.